மல்லசக்தி டப்பாவும் எட்டுச் சொட்டும்

ஜூன் 1, திங்கள்

காற்று. சாரல். மேற்கே மலையையே காணோம்.

அல்லிநகரம் முதல் கம்பம் வரை வாழும் பெருமக்களே, அவர்தம் ஆடுமாடுகளே, காது கொடுங்கள்! இன்று காலை ஏழேகால் மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு டப்பா குடியேறியது. பெயர் மல்லசக்தி. நிறம் மஞ்சள். வயிற்றில் ஒரு பயில்வான் படம். சாமி படத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவில் ஆசனம். அம்மா சந்தனம் வைக்காததுதான் பாக்கி.

அழைத்து வந்தவர் அப்பா. தேனி–கம்பம் பஸ்ஸில் டிரைவர். பஸ் ஸ்டாண்டில் கம்பெனி ஏஜெண்டு மேசை போட்டு, சின்னக் கப்பில் ஓசியாகக் கலக்கிக் கொடுத்திருக்கிறான். ஓசி என்றால் எங்கள் ஊர் டிரைவர்கள் ரிவர்ஸிலேயே வருவார்கள்.

டப்பாவில் எழுதியிருப்பது:
உடல் வலிமை. நினைவாற்றல். ஆழ்ந்த தூக்கம். நாள் முழுதும் சுறுசுறுப்பு. (தூக்கமும் சுறுசுறுப்பும் ஒரே கரண்டியிலா? ரெண்டும் உள்ளே போய்ச் சண்டை போடாதா?)
குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயாளிகள் அனைவருக்கும் ஏற்றது.

எழுதாதது: உள்ளே என்ன.

அப்பாவுக்குப் போன வருஷத்திலிருந்து சர்க்கரை வியாதி. ஏஜெண்டிடம் சொல்லியிருக்கிறார். அவன், "அண்ணே, உங்களுக்குன்னே செஞ்சதுண்ணே" என்றானாம். முடிந்தது.

சாயந்தரம் முதல் டம்ளர். அப்பா: "பாருலே தவசி, பாலுல ஒரு பொட்டு சீனி போடல." குடித்தார். முகம் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. சீனி போடாத பாலுக்கு இந்த முகமா? சந்தேகம் எண் 1.

மல்லசக்தி. மெல்ல சக்தி. மெல்ல சத்தி. மூன்றாவது, அதாவது வாந்தி, அம்மா காதில் விழுந்தது. கரண்டி பறந்து வந்தது. குனிந்துவிட்டேன்.

ஜூன் 3, புதன்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பிளஸ் டூ. புது பெஞ்சு, பழைய மூட்டைப்பூச்சி.

என் உத்தியோகம் பற்றி எழுதியதே இல்லை. இந்த வீட்டின் மூத்திர ஆபீசர் நான். டாக்டரம்மா கொடுத்த சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, நீலத் தண்ணி பாட்டில், எல்லாம் கிணற்றடி மாடத்தில். நீலத் தண்ணியைக் குழாயில் ஊற்றணும். அப்பாவின் சரக்கு எட்டுச் சொட்டு. கொதிக்க வைக்கணும். பிறகு கலர் பார்க்கணும்:

நீலம் – சர்க்கரை இல்லை. அப்பா விசிலடிப்பார்.
பச்சை – கொஞ்சம். கேப்பைக் களியோடு சரி.
மஞ்சள் – அம்மா மூச்சு விடாமல் திட்டுவாள்.
ஆரஞ்சு – டாக்டரம்மா திட்டுவார்.
செங்கல் – யாரும் திட்டமாட்டார்கள். அதுதான் பயம்.

ரெண்டு மாசமாகப் பச்சை. இன்று மஞ்சள்.

அம்மா: "என்னத்தத் தின்னீக?"
அப்பா: "நீ போட்ட களியத்தான் தின்னேன். ஏலே, எட்டுச் சொட்டுதான் விட்டியா, பத்து விட்டியா?"

எண்ணியது எட்டு. என் எண்ணிக்கை மேல் சந்தேகப்பட்டால் நான் டப்பா மேல் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று. அப்பாவின் வலது கால் பெருவிரலில் செருப்பு கடித்து ஒரு புண். பத்து நாளாக ஆறவில்லை. அந்தக் கால்தான் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மிதிக்கிற கால். டாக்டரம்மா போன மாசமே சொன்னாக: "சர்க்கரை ஏறுச்சுன்னா கால்ல புண்ணு ஆறாது. விரலயே எடுக்க வேண்டி வந்துரும்." அப்பா புண்ணைப் பற்றிப் பஸ் முதலாளியிடம் சொல்லவில்லை. விரல் போன டிரைவரை எந்த முதலாளி வண்டியில் ஏற்றுவார்?

ஜூன் 5, வெள்ளி

அம்மா டப்பாவை ஆட்டிப் பார்த்தாள். "வேளைக்கு ரெண்டு கரண்டிதான் போடுறேன். அதுக்குள்ள பாதி ஆயிருச்சே?"

நான்: "எறும்பும்மா. வரிசையா வந்து தூக்கிட்டுப் போகுது."

எறும்பு வருவது உண்மை. டப்பாவைச் சுற்றி ஒரு படையே. பக்கத்தில் கேப்பை மாவுப் பானை. அதை ஒரு எறும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எறும்புக்குப் படிக்கத் தெரியாது, ரேடியோ கேட்காது, பயில்வான் படத்துக்கு மயங்காது. அது சொன்னால் நம்பலாம். சந்தேகம் எண் 2.

ஜூன் 6, சனி

ஜெபராஜ் வீட்டு மெடிக்கல் ஷாப். (ஜெ. என் வகுப்பு. நீலத் தண்ணி தீர்ந்தால் அங்கேதான் வாங்குவது. மல்லசக்தியும் அங்கே ஒரு அலமாரி முழுக்க.) ஒரு கரண்டி மாவைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோனேன். கடைக்குப் பின்னால் விளக்கைப் பற்ற வைத்தோம். மாவைக் கரைத்து எட்டுச் சொட்டு.

பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளில் நிற்கவில்லை. ஆரஞ்சைப் பார்த்துக் கையாட்டிவிட்டு நேராகச் செங்கல்.

ஜெ: "மாப்ள, இதுல வீடே கட்டலாம்டா."

பயில்வான் மாட்டிக்கொண்டான்! ஜெ.யின் அப்பாவிடம் குழாயைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"தம்பி, டப்பா மேல இருக்கிறதத்தான் நான் விக்கிறேன். உள்ள இருக்கிறத கம்பெனி விக்கிது."

"ஒங்க வீட்டுல குடிப்பீகளா?"

"நாங்க கஞ்சி குடிக்கிறோம்" என்றார், ரொம்ப அடக்கமாக.

நியாயமாகவும் எழுதவேண்டும். மல்லசக்தியால் நன்மை: பால் உள்ளே போகிறது. ஒல்லிப் பிள்ளைகளுக்குச் சதை போடலாம். நல்ல வாசனை. கெடுதல்: எங்க அப்பா ஒல்லிப் பிள்ளை இல்லை.

இதே வரிசையில் சந்தேகப்பட வேண்டியவை: குளுக்கோஸ் பிஸ்கட். ஆரஞ்சே பார்க்காத ஆரஞ்சு சோடா. "இதயத்துக்கு நல்லது" என்று போர்டு போட்ட எண்ணெய்க் கடை (அந்த முதலாளிக்கே நெஞ்சுவலி).

ஜூன் 8, திங்கள்

அப்பாவிடம் சொன்னேன். செங்கல் குழாயைக் கையில் பிடித்தபடி. நானே எனக்கு வக்கீல் மாதிரி தெரிந்தேன்.

அப்பா: "எங்கன வச்சுப் பாத்த?"
"ஜெபராஜ் கடையில."
"அவுக அப்பா டாக்டரா?"
"இல்ல."
"நீ டாக்டரா?"
"இல்லப்பா, ஆனா கலரு..."
"மூத்திரம் காய்ச்சுற பய, எனக்குப் பாலக் காய்ச்சச் சொல்லித் தர்றியாக்கும்!"

அம்மா சிரித்துவிட்டாள். நானும். அப்பா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "வெறும் களியத் தின்னுட்டு உத்தமபாளையம் தாண்டுறதுக்குள்ள கை நடுங்குதுலே. கியரு போட முடியல. அம்பது சனம் பின்னால உக்காந்திருக்கு. இதக் குடிச்சாத்தான் தெம்பா இருக்கு."

கை நடுங்குவது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டப்பாவை ஒளித்தால் இன்னொன்று வாங்குவார். திட்டம் வேண்டும்.

ஜூன் 10, புதன்

வெயில், அதிசயம்.

திட்டம் நிறைவேறியது! வரலாறு குறித்துக்கொள்ளட்டும். அம்மா குடிதண்ணிக்குப் போன முக்கால் மணி நேரத்தில் டப்பாவின் குடலை உருவி வேறு குடல் வைத்தேன். பயில்வான் அப்படியே. உள்ளே தவசிசக்தி:

பொட்டுக்கடலை மாவு
வறுத்துப் பொடித்த கம்பு
போடி ஏலக்காய் ஆறு
ஆண்டிபட்டிப் பக்கத்துக் கருப்பட்டி, உரலில் இடித்துச் சலித்தது. நிறத்துக்கும் ருசிக்கும்.

பழைய மாவு தக்க முறையில் அப்புறப்படுத்தப்பட்டது.

ஜெ. மட்டும் கேட்டான்: "மாப்ள, கருப்பட்டியக் குழாய்ல போட்டுப் பாத்தியா?"

நான்: "கருப்பட்டியச் சந்தேகப்படுறவன் நாளைக்குக் கோயில் திருநீறையும் சந்தேகப்படுவான்டா."

கருப்பட்டி பனையில் இறக்கியது. பயில்வான் படம் கிடையாது, ஏஜெண்டு கிடையாது. சின்னமனூர் பஸ் ஸ்டாப் டீக்கடையிலேயே எழுதிப் போட்டிருக்கிறான்: "சீனி விஷம், கருப்பட்டி மருந்து." ஜெ. தலையாட்டினான். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பயல், திருநீறு உவமை அவனுக்கு எப்படிப் புரிந்ததோ.

ஆக, இந்தக் குடும்பத்தலைவரின் கால் விரலைக் காப்பாற்றியவன் தவசி. கல்வெட்டு பிறகு.

ஜூன் 13, சனி

அப்பா குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சரித்திரப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

"இப்பத்தான்லே ருசி எறங்கியிருக்கு. அடியில இருக்கிறதுதான் ஒரிஜினல் போல."

அம்மா: "ஆமா, மேல இருக்கிறது மினுக்கு. அடியிலதான் சத்து."

கிணற்றடிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன். கம்பெனிக்கு ஒரு கடிதம்கூட எழுதினேன் (அனுப்பமாட்டேன்): "ஐயா, தங்கள் டப்பா நன்று. தங்கள் மாவு மட்டும் வேண்டாம். இப்படிக்கு, தங்கள் தொழிலை உரலில் இடித்தவன்."

ஜூன் 16, செவ்வாய்

ஆரஞ்சு.

ரெண்டு தடவை பார்த்தேன். குழாயைச் சாம்பல் போட்டுக் கழுவி மூன்றாம் தடவை. ஆரஞ்சு.

எப்படி? டப்பாவில்தான் சீனியே இல்லையே. சந்தேகப் பட்டியல்:
1. நீலத் தண்ணி பழசு. (ஜெ. புதுப் பாட்டில் தந்தான். அதிலும் ஆரஞ்சு.)
2. மாத்திரை டூப்பு.
3. அப்பா. ஆம், அப்பாவேதான். ஏதோ ஸ்டாப்பில் இறங்கி ஜிலேபி சாப்பிடுகிறார்.

மூன்றாவதுதான் என்று என் மூக்கு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியிலேயே போய்ப் பிடிக்கிறேன்.

ஜூன் 21, ஞாயிறு

அப்பா வண்டி. கடைசி சீட்டில், தலையில் துண்டு போட்டு, ஒரு கோழிக்கூடைக்குப் பின்னால் நான். கண்டக்டர் அண்ணன் பார்த்துவிட்டார். "என்ன தம்பி, சி.ஐ.டி.யா?" கோழிக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார்.

வீரபாண்டி: இறங்கவில்லை.
சின்னமனூர்: டீக்கடைக்காரர் டிரைவருக்குரிய ஓசி வடையோடு ஓடி வந்தார். அப்பா அதைக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டார்.
உத்தமபாளையம்: ஒன்றும் இல்லை. செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி வைத்து, விரலைப் பார்த்தார். ஊதினார். மறுபடி செருப்பு.
அனுமந்தன்பட்டி: ஒரு அம்மா மடியிலிருந்து திராட்சைக் கொத்து எடுத்து நீட்டினாள். "தின்னுங்க தம்பி, நம்ம தோட்டத்துது." அப்பா சொன்னார்: "வேணாம் ஆத்தா. எனக்குச் சர்க்கர. வீட்டுல பய எட்டுச் சொட்டுல கண்டுபிடிச்சிருவான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குக் கோழிக்கூடைக்குள்ளேயே போய்விடலாம் போலிருந்தது. சந்தேகப்பட்ட ஆள் ஒரு திராட்சைகூடத் தொடவில்லை.

கம்பம் வந்து வண்டி நின்றது. அப்பா சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்தார். மூடியில் ஊற்றினார். ஏலக்காய் வாசம் கடைசி சீட்டுக்கே வந்தது.

கண்டக்டர்: "வீட்டுல ரெண்டு வேள குடிக்கிறது போதாதாண்ணே?"
அப்பா: "இப்ப நல்லா இருக்குடா. மூணாக்கிட்டேன்."

தவசிசக்தி. மூன்று வேளை. சரி, சத்துதானே, குடிக்கட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

இறங்கும்போது அப்பா நொண்டினார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நொண்டினார்.

ஜூன் 23, செவ்வாய்

செங்கல். விரல் நுனி கறுப்பு.

டாக்டரம்மா வீட்டுக்கு மூவரும் போனோம். அப்பா தின்பது, குடிப்பது எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்லியிருந்தாக. அம்மா கேப்பை மாவு, கோதுமை மாவு, மாத்திரை, மல்லசக்தி எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டாக. புருவம் ஏறியது.

"இது இந்தக் கம்பெனி மாவு இல்லியே. கருப்பட்டில்ல வாசம் அடிக்குது?"

நான் பேசிவிட்டேன்: "கருப்பட்டி நல்லதுதான டாக்டர்?"

"ஒனக்கு நல்லது. இவுகளுக்கு அதுவும் சர்க்கரைதான் தம்பி. கறுப்புச் சட்ட போட்டிருக்கு, அம்புட்டுத்தான். உள்ள போயிட்டா ஒடம்புக்குச் சட்டக் கலரு தெரியாது."

"டப்பாவுல இருந்த ஒரிஜினல்?"

"அது மட்டும் என்ன? அதுவும் ஆகாது. ரெண்டும் ஆகாது."

நகத்தை எடுத்தாக. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். என் தோளைப் பிடித்திருந்தார். தினம் ஊசி. மூன்று வாரம் வண்டி ஓட்டக்கூடாது. விரல் நிற்குமா என்று அம்மா கேட்டாள். "கறுப்பு மேல ஏறாம இருந்தா நிக்கும். பாப்போம்" என்றாக. கை நடுக்கத்தையும் அம்மாவே சொல்லிவிட்டாள். வயிறு காலியாக வண்டியை எடுக்கக்கூடாது, மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிடணும், பையில் ரெண்டு இட்லி வைத்துக்கொள்ளச் சொன்னாக. இட்லி! இதற்கா பயில்வான்?

வழியெல்லாம் அப்பா ஒன்றே ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்: "கருப்பட்டியக் கலந்து ஏமாத்திப்புட்டான் பாவி. அந்த ஏஜெண்டு கைய ஒடிக்கணும்."

நான் டப்பா இருந்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தேன்.

ஜூன் 26, வெள்ளி

மழை. நிற்கவே இல்லை.

காலையில் அப்பா கட்டுப் போட்ட காலோடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். அம்மா, "பின்னாலயே போலே" என்றாள். போனேன்.

ஏஜெண்டு மேசை போட்டிருந்தான். நான் நினைத்ததைவிட ஒல்லி. கன்னம் ரெண்டும் உள்ளே. அப்பா போய்ச் சட்டையைப் பிடித்தார். கப்புகள் உருண்டன. கூட்டம்.

"கருப்பட்டியவா கலந்து விக்கிற? எனக்குன்னே செஞ்சதுன்னு சொன்னேல்ல?"

"அண்ணே, கருப்பட்டியெல்லாம் இல்லண்ணே! கம்பெனியில சொல்லச் சொன்னதச் சொன்னேன். நான் இதக் குடிச்சதுகூட இல்லண்ணே, சத்தியமா."

"ஏன் குடிக்கல?"

"வெல கட்டாதுண்ணே."

யாரோ சிரித்தார்கள். அப்பா கை ஓங்கினார். அந்தாள் கண்ணை மூடிக்கொண்டான். எனக்குப் பின்னால் சாக்கு மூட்டை, முன்னால் கூட்டம், ஓட இடம் இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது:

"அப்பா, மாத்துனது நான்தான்."

ஓங்கின கை என் மேல் வரும் என்று நின்றேன். வரவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் ஏஜெண்டின் சட்டைக் காலரை நீவிவிட்டார். குனிந்து ரெண்டு கப்பை எடுத்து மேசையில் வைத்தார். "அந்தப் பொய்ய இன்னொரு சர்க்கரைக்காரன்ட்டச் சொல்லாத" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு நடந்தோம். என் தோளில் அவர் கை, பாதி பாரம் என் மேல்.

"எதுக்குலே மாத்துன?"

"அதுல சீனிப்பா. ஒங்க விரலுக்காகத்தான்."

தேங்கிய மழைத் தண்ணியைத் தாண்டினோம். பிறகு: "கருப்பட்டி எங்கன வாங்குன?"

"ஆண்டிபட்டிச் சந்தைச் சரக்கு."

"நல்ல கருப்பட்டிலே" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. அம்மாவிடம், "நம்ம பய நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சிருக்கான், விடு" என்றார். அம்மா எனக்கு ரெண்டு இட்லி கூட வைத்தாள். அதை அப்பா தட்டுக்குத் தள்ளிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னது பாதி. மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இங்கன எழுதுகிறேன்.

டப்பா வந்த மறுநாளே ஒரு கரண்டி எடுத்து வெறும் வாயில் போட்டேன். சோதனைக்காகத்தான். நன்றாக இருந்தது. மறுநாள் ரெண்டு. அப்புறம் கரண்டியே இல்லை, கைதான். மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும், நாக்கால் சுரண்டணும், அடடா. பத்தாம் தேதி காலையில் மாற்றுவதற்கு டப்பாவில் மாவே இல்லை. அம்மா திறந்தால் மாட்டிக்கொள்வேன். அதற்காகத்தான் கம்பு, கடலை எல்லாம்.

விரலுக்காக என்றால் கம்பும் கடலையும் போதுமே? கருப்பட்டி எதற்கு? ருசி மாறினால் திருட்டு தெரிந்துவிடும் என்றுதான், ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டேன்.

எறும்பு மேல் போட்ட பழி வாபஸ்.